வேகம் குறைத்துத் தரப்படும்

ஆயுத பூஜைக்கு மறுவாரம்தான் எங்கள் தொழிலில் சீசன். பூஜைக்கென்று புதுச் சிஸ்டம் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுநாள் கடை திறந்ததும் பழைய புரோகிராமைப் புதுப் பெட்டியில் காப்பி பண்ணித் திறந்து பார்ப்பார்கள். ‘இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது’ என்று ஒரு பட்டை வரும். உடனே எனக்குப் போன். விருதுநகர் கமிஷன் மண்டி, சாத்தூர் அடகுக் கடை, சிவகாசி பிரஸ் என்று இடம் மாறும், கேள்வி மாறாது. “இத்தனை வருசமா ஓடுனது தம்பி, புதுசுல ஏன் ஓடமாட்டேங்குது?”

நான் 1990-களின் கடைசியில் இந்த வேலைக்கு வந்தவன். அப்போதெல்லாம் பழைய பெட்டியில் புது மென்பொருளை எப்படியாவது ஏற்றித் தருவதுதான் பிழைப்பு. 16 எம்.பி. ராமில் விண்டோஸ் 98-ஐ ஏற்றிவிட்டு, அது திறப்பதற்குள் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது எல்லாம் தலைகீழ். பெட்டியில் 16 ஜி.பி. ராம் இருக்கிறது. 640 கே.பி.க்குள் குடும்பம் நடத்திப் பழகிய ஒரு புரோகிராமை அதில் குடிவைக்க வேண்டும்.

மண்டிப் புரோகிராமைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்புத் திரை, மேலே கடையின் பெயர், கீழே எண் போட்ட பட்டியல். ஒன்றை அழுத்தினால் கொள்முதல், இரண்டு விற்பனை, மூன்று பேரேடு. மவுஸ் கிடையாது. யாரோ ஓர் உள்ளூர்ப் பையன் ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிக் கொடுத்திருப்பான். அவன் இன்று சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பான். வத்தல், மல்லி, உளுந்து என்று சரக்கு வாரியாக மூட்டை, எடை, சாக்குக் கழிவு, கமிஷன், ஏற்றுக்கூலி, பொதுக் காரியத்துக்கு எடுக்கும் மகமை எல்லாம் அந்தக் கடையின் வழக்கப்படி அதில் கணக்காகும். மகமைக்கு ஒரு கட்டம் கொடுத்த மென்பொருளை நான் கடையில் வாங்கக் கிடைப்பவற்றில் பார்த்ததில்லை. கணக்குப்பிள்ளை அதில் பில் போடும்போது திரையைப் பார்ப்பதே இல்லை. கண் சிட்டையில் இருக்கும், விரல் பாட்டுக்கு எண்ணும் என்டரும் தட்டிக்கொண்டு போகும். ஏல நேரத்தில் வாசலில் லாரி நிற்கும்போது அந்த வேகம்தான் கடைக்கு வேண்டும். பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், கஞ்சத்தனம் என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பில் போடும் வேகத்தில் அந்தப் புரோகிராமை மிஞ்சும் புதுசு ஒன்றை அந்தப் பிள்ளைகளும் காட்டியதில்லை.

ஏன் ஓடவில்லை என்பதற்கு வருவோம். 1985-இல் வந்த இன்டெல் 386 சில்லுக்குள் ஒரு வசதி வைத்திருந்தார்கள். தன் பாட்டனான 8086 மாதிரியே நடித்து, பழைய 16 பிட் புரோகிராம்களை ஏமாற்றி ஓட வைக்கும் வசதி. விண்டோஸ் என்.டி., எக்ஸ்பி, ஏழு எல்லாம் இதை நம்பித்தான் டாஸ் புரோகிராம்களை ஒரு சின்னப் பெட்டிக்குள் ஓட்டின. பிறகு 64 பிட் வந்தது. சில்லு 64 பிட் முறையில் ஓடும்போது இந்த நடிப்பு வசதி கிடையாது, அப்படியே வடிவமைத்துவிட்டார்கள். அதனால் 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று தனியாகக் கிடைத்தது. புதுப் பெட்டியிலும் அதையே போட்டுக் கொடுத்து நான் பல வருடம் ஓட்டினேன். எவ்வளவு ராம் இருந்தாலும் 4 ஜி.பி.க்கு மேல் அதற்குத் தெரியாது என்பதை மண்டிக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் நின்றது. அந்த வருடச் சீசன் எனக்குத் தீபாவளி தாண்டியும் ஓடியது.

இதில் ஒரு வேடிக்கையான கிளை உண்டு. புரோகிராம் 32 பிட்டாகத்தான் இருக்கும்; அதை நிறுவும் ‘செட்டப்’ மட்டும் 16 பிட்டாக இருக்கும். 1990-களின் நடுவில் வந்த பல சி.டி.க்கள் அப்படித்தான். பிரபலமான சில செட்டப் வகைகளை அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள 32 பிட் பிரதியை ஓடவிடும் ஏற்பாடு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அதில் அகப்படாதவற்றை எக்ஸ்பி உள்ள பழைய பெட்டியில் நிறுவி, ஃபோல்டரையும் ரிஜிஸ்ட்ரி பதிவுகளையும் தூக்கிக்கொண்டு வருவேன்.

அடுத்து வேகம். பழைய புரோகிராம் புதுச் சிஸ்டத்தில் பறக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பறக்கும், சில சமயம் பறந்து போய்ச் சுவரில் முட்டும். போர்லாண்டின் டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்களுக்கு ‘ரன்டைம் எரர் 200’ என்று ஒரு பிரபலமான சாவு இருந்தது. ஐகானை அழுத்தினால் பூஜ்யத்தால் வகுத்துவிட்டாய் என்று குற்றம் சாட்டிவிட்டு மூடிக்கொள்ளும். உண்மையில் யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. புரோகிராம் தொடங்கும்போது, இந்தச் சிஸ்டம் எவ்வளவு வேகம் என்று அளந்துகொள்வதற்காகக் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லி விநாடிக்குள், எத்தனை தடவை சும்மா சுற்ற முடிகிறது என்று எண்ணும். அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கும். விடையை வைக்கக் கொடுத்த இடம் 16 பிட். 65,535-க்கு மேல் கொள்ளாது. எழுதியவர் காலத்துச் சிஸ்டங்களில் விடை அதற்குப் பக்கத்தில்கூட வராது. 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் விடை பெரிதாகி இடம் கொள்ளாமல் போனது. வகுத்தலில் விடை கொள்ளாவிட்டாலும், பூஜ்யத்தால் வகுத்தாலும் சில்லு எழுப்புவது ஒரே கூச்சல்தான். ஃபாக்ஸ்புரோவின் சில பழைய பதிப்புகளுக்கும் இந்த வியாதி இருந்தது. ஒட்டுப்போடும் சிறு புரோகிராம்கள் அப்போதே வந்துவிட்டன. நான் அவற்றை ஒரு ஃபிளாப்பியில் வைத்திருந்தேன், பிறகு சி.டி.யில், இப்போது பென்டிரைவில்.

வேகம் போகட்டும், இடமும் அதிகமாக இருக்கக் கூடாது. விண்டோஸ் 98-ஐ 512 எம்.பி.க்கு மேல் ராம் உள்ள சிஸ்டத்தில் போட்டால், விண்டோஸைத் தொடங்க நினைவகம் போதவில்லை என்று சொல்லும். அதிகமாகிப் போனதால் போதவில்லை! கோப்புத் தேக்கத்துக்கு அது தானாக ஒதுக்கும் அளவு கைமீறிப் போவதுதான் காரணம். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து உச்சவரம்பு போட்டால் சரியாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கிலும் இதே கதை. டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று கேட்டுப் பதிலை 32 பிட்டுக்குள் அடைத்துக்கொள்ளும் புரோகிராம்கள் ஏராளம். 4 ஜி.பி. தாண்டியதும் அந்த எண், மீட்டர் முழுச் சுற்று வந்து மறுபடி பூஜ்யத்தில் நிற்பது போல நின்றுவிடும். போர்லாண்ட் டேட்டாபேஸ் என்ஜினை நம்பிய மென்பொருள்களில் இது பெரிய தலைவலி. காலி இடம் 4 ஜி.பி.யின் மடங்கை ஒட்டி வரும் அன்று மட்டும் ‘டிஸ்க்கில் இடமில்லை’ என்னும். மறுநாள் தானாகச் சரியாகிவிடும். அடகுக் கடைக்காரர் ஒருவர் அதை ராகு காலத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பழைய எம்.ஜி.ஆர். படத்தை அந்த டிஸ்க்கில் காப்பி பண்ணிக் கணக்கை மடங்கிலிருந்து நகர்த்திவிட்டேன். “அந்தப் படத்தை மட்டும் அழிச்சிராதீங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டும் வந்தேன். பிறகு முறையான ஒட்டு போட்டாகிவிட்டது, படத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை.

இப்போது டாஸ் புரோகிராம்களுக்கு எமுலேட்டர்தான் கதி. டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அதில் ‘சைக்கிள்ஸ்’ என்று ஓர் அளவு உண்டு: ஒரு மில்லி விநாடிக்கு எத்தனை கட்டளை ஓட்ட வேண்டும் என்பது. புத்தம் புதுச் சிஸ்டத்தை வாங்கிவந்து, அதன் வேகத்தை 1990-ஐ ஒட்டிய அளவுக்குக் குறைத்துக் கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிற தொழில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் மண்டிக்கு டாஸ்பாக்ஸ் முழுசாகப் போதாது. விளையாட்டுக்காரர்களுக்குப் பிரிண்டர் எதற்கு என்று அதை எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். அலுவலக வேலைக்கென்றே வீடாஸ் என்று ஒன்றும், அந்த வேலைக்கும் ஆகும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்று ஒன்றும் இருக்கின்றன. என் கை இப்போது வீடாஸில்தான் பழகியிருக்கிறது.

பிரிண்டர் என்றதும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பாதி நேரம் அதில்தான் போகிறது. புரோகிராமை ஓட வைப்பது அரை நாள் வேலை. பில் பழையபடி விழுவது அடுத்த நாலு நாள் வேலை. மண்டியை விட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் போகாது. விற்றவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று ஒரே அடியில் மூன்று பிரதி விழ வேண்டும். லேசர் பிரிண்டர் கார்பனை அடிக்காது. டாஸ் புரோகிராம் எல்.பி.டி.1 என்ற போர்ட்டுக்கு நேரடியாக எழுத்துகளைத் தள்ளும். நடுவில் கட்டளைக் குறிகள் வரும்: 15 என்றால் எழுத்தை நெருக்கு, 18 என்றால் பழையபடி விடு, 12 என்றால் அடுத்த பக்கத்துக்குத் தள்ளு. புதுச் சிஸ்டத்தில் அந்தப் போர்ட்டே கிடையாது. யு.எஸ்.பி.யில் மாட்டிய பிரிண்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்.பி.டி.1-ஐ அதற்குத் திருப்பிவிட்டது 32 பிட் காலத்தின் வைத்தியம். எமுலேட்டரில் அந்த வேலையை அதன் அமைப்புக் கோப்பில் செய்ய வேண்டும்.

பில் விழும். ஆனால் கட்டம் போட்ட கோடுகள் இருந்த இடத்தில் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ஏ எழுத்துகள் வரிசையாக நிற்கும். நெடுக்குக் கோடு இருந்த இடமெல்லாம் சின்ன மூன்றுகள். டாஸின் எழுத்து அட்டவணையில் 196 என்பது கிடைக்கோடு, விண்டோஸின் அட்டவணையில் அதே எண் ஜெர்மன்காரர்களின் எழுத்து. அட்டவணையைச் சரிசெய்தால் அடுத்தது காகித அளவு. விண்டோஸ் ஏ4 என்று நினைத்துக்கொண்டு பில்லுக்குப் பின் அரை முழக் காகிதத்தை வெளியே தள்ளும். ஆறங்குல உயரத்துக்குத் தனி ஃபார்ம் உருவாக்கி, அதையே இயல்பு என்று பதிய வேண்டும். எல்லாம் முடிந்து முதல் பில் ஓட்டைகளுக்கு நேராகக் கிழிந்து வரும்போதுதான் அண்ணாச்சி காப்பி சொல்லுவார். அதுவரை தண்ணீர்தான்.

சிவகாசி வேறு உலகம். அங்கே டாஸ் இல்லை, பேஜ்மேக்கர். ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்து, 1994-இல் அடோபி கைக்குப் போய், 2001-இல் ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். 32 பிட் என்பதால் விண்டோஸ் 11-இலும் ஓடும்; ‘அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு’ என்பதை டிக் செய்து கொடுத்தால் பெரும்பாலும் முணுமுணுக்காது. தினசரிக் காலண்டர் போடும் பிரஸ்களில் ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய மாதங்களில் டி.டி.பி. அறையில் யாரும் எதையும் மாற்றத் துணியமாட்டார்கள், விண்டோஸ் அப்டேட்டைக்கூட நிறுத்தி வைக்கச் சொல்லுவார்கள். நியாயம்தான். அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது வருடா வருடம் திருத்தித் திருத்திச் சேர்ந்த உழைப்பு.

அங்கே சிக்கல் மென்பொருளில் இல்லை, எழுத்துருவில். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புக்குள் தமிழே கிடையாது. ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருக்கும்வரை தமிழ். அது இல்லாத சிஸ்டத்தில் கிறுக்கல். ஆங்கிலக் காற்புள்ளி இருக்கும் இடத்தில் பாமினி ‘இ’யை வைத்திருக்கிறது. அதனால் ஆங்கில முகவரியில் எழுத்துருவை மாற்ற மறந்தால் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ‘இ’ வந்து உட்காரும். கல்யாணப் பத்திரிகையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். இப்போது வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புகிறார்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, ஒட்டினால் கேள்விக்குறிகள்தான். ஆபரேட்டர் அக்கா முதலில் கன்வர்ட்டரில் போட்டுப் பாமினியாக்கி, பிறகு ஒட்டி, ‘ஸ்ரீ’ உடைந்திருக்கிறதா என்று கண்ணால் தேடுவார். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் கொம்பு, பாமினியில் முன்னால் வர வேண்டும். கன்வர்ட்டர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான்.

புதுசுக்கு மாறலாமே என்றால், வழி வருடா வருடம் குறுகுகிறது. பேஜ்மேக்கர் கோப்பை இன்டிசைன் சி.எஸ்.6 வரை திறக்கும். அதற்குப் பின் வந்த சி.சி. பதிப்புகள் திறக்காது. அந்தக் காலத்து டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு முடித்துக்கொண்டது. எனவே சி.எஸ்.6 உள்ள ஒரு பெட்டியைப் பாலம் மாதிரிப் பாதுகாத்து வைத்திருக்கச் சொல்கிறேன்.

இங்கேதான் மண்டிக்கும் பிரஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைக்கிறது. ஃபாக்ஸ்புரோ புரோகிராம் நாளைக்கே செத்தாலும் அதன் டி.பி.எஃப். கோப்பு சாகாது. தலையில் 32 பைட், பிறகு கட்டத்துக்கு 32 பைட்டாகப் பெயரும் அகலமும், பிறகு வெறும் எழுத்தாகக் கணக்கு. லிப்ரே ஆபீஸ் திறக்கும், எக்செல் திறக்கும், ஒன்றுமில்லாவிட்டால் நோட்பேடில் பார்த்தே பெயர்களைப் படித்துவிடலாம். பேஜ்மேக்கர் கோப்பை அப்படி எளிதாக வெளியிலிருந்து படிக்க முடியாது. அதனால் பழைய மென்பொருளோடு யார் வந்தாலும் ஓடுமா என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். உள்ளே போட்டதை அது வெளியே விடுமா என்பதுதான் முதலில். விடும் என்றால் இன்னும் பத்து வருடம் ஓட்டித் தரத் தயார். விடாது என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கச் சொல்லி நச்சரிப்பேன்.

நச்சரித்தும் பயனில்லாத இனம் ஒன்று உண்டு: லாக் போட்டு வந்த மென்பொருள். டாங்கிள் என்று புத்தகத்தில் போடுவார்கள், இங்கே எல்லோருக்கும் ‘லாக்’தான். பிரிண்டர் போர்ட்டில் செருகிய சிறு பிளாஸ்டிக் கட்டை; அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். அந்தப் போர்ட்டின் முகவரியில் நேரடியாகப் பேசிப் பழகியது. யு.எஸ்.பி. மாற்றுக் கம்பி பிரிண்டரை மட்டும்தான் அறியும், லாக்கை அறியாது. மேலும் 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்பதில்லை. விற்ற நிறுவனம் இருந்தால் பணம் கட்டி யு.எஸ்.பி. லாக்காக மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் கட்டை மட்டும்தான் மிச்சம். உடைத்துத் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். நான் அதற்குப் போவதில்லை. உடைத்ததோடு வேறு எதைச் சேர்த்துத் தருவார்கள் என்று தெரியாது. இவற்றுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் போர்ட் உள்ள பழைய மதர்போர்டுகளைத் தேடி வாங்கி வைத்துக்கொள்கிறேன். கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் பேட்டரியை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காலையில் எல்லா பில்லும் பல வருடம் பின்னுக்கான தேதியில் விழும்.

மற்றவற்றுக்கு மெய்நிகர் சிஸ்டம்: விண்டோஸ் 11-க்குள் ஒரு ஜன்னலில் எக்ஸ்பி. நெட்வொர்க்கை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது; 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஓர் ஒட்டு கொடுத்தது. அந்த வைரஸ் நுழைந்தது பழைய எஸ்.எம்.பி.1 பகிர்வு வழியாக. பழைய சிஸ்டமும் புதுசும் கோப்புகளைப் பகிர வேண்டும் என்று அதே பகிர்வை மறுபடி திறந்துவிடச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பென்டிரைவில் எடுத்துப் போங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிடுவேன்.

ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையில் பல மண்டிப் புரோகிராம்கள் முட்டி நின்றன. வாட் காலத்துப் பதிவெண் 11 இலக்கம், ஜி.எஸ்.டி. எண் 15. கோப்பில் கட்டத்தை அகலப்படுத்திவிடலாம்; மூலக் குறிமுறை கையில் இல்லாவிட்டால் திரையிலுள்ள கட்டம் 11-லேயே நிற்கும். ஒரு வத்தல் மண்டியில் அப்படித்தான் மாற வேண்டியதாயிற்று. அண்ணாச்சியின் மகன் புதுக் கணக்கு மென்பொருள் வாங்கினான். ஒரு நிதியாண்டு முழுக்கப் பழசையும் புதுசையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுவது என்று பேசிக்கொண்டோம். மார்ச் முடிவில் கமிஷன் வரவில் சில நூறு ரூபாய் இடித்தது. பில் பில்லாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய புரோகிராம் கமிஷனில் வரும் பைசாவை அரை ரூபாய்க்கு மேலே போனாலும் ஏற்றாமல் வெட்டிவிட்டுக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது. எழுதியவனின் பிழை என்று மகன் சொன்னான். அண்ணாச்சி மறுத்துவிட்டார்.

“பிழை இல்லப்பா. சரக்குக் கொண்டாரவன்கிட்ட சில்லறை பிடிக்கக் கூடாதுன்னு எங்கய்யா சொல்லி எழுத வச்சது. தம்பி, புதுசுலயும் அப்படியே வெட்டுற மாதிரி போட முடியுமா?”

முடிந்தது. முழுமையாக்கும் முறை என்ற இடத்தில் ‘கீழ்நோக்கி’ என்று ஒரு தேர்வு அதில் முதலிலிருந்தே இருந்தது.